பால் விட முன் நிறுத்துங்கள்: முன்கூட்டிச் சமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழரைக்குப் பாடசாலை, எட்டரைக்குக் கந்தோர். இடையில் சோறு, இரண்டு கறி, ஒரு சம்பல், மூன்று பார்சல். இலங்கையின் கிழக்கில் களுவாஞ்சிகுடியோ கல்முனையோ ஏறாவூரோ அக்கரைப்பற்றோ, வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில் காலைப்பொழுது இப்படித்தான் ஓடுகிறது. அந்த வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளும் அவற்றுக்கு என்னுடைய பதில்களும் இவை.

ஞாயிற்றுக்கிழமையே கிழமை முழுவதுக்கும் சமைச்சு வைக்கலாமா? வீடியோவில எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க.

அவர்கள் செய்யலாம். நமது கறியில் தேங்காய்ப்பால் இருக்கிறது, நமது ஊரில் வெக்கை இருக்கிறது. பால் விட்ட கறி கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் மத்தியானம் தாண்டுவதே பெரிய பாடு. பிரிட்ஜில் வைத்தாலும் மூன்றாம் நாள் சுவை போய்விடும். சூடாக்கும்போது பால் திரைந்து எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாக நிற்கும்.

அதனால் முழுக் கறியை முன்கூட்டிச் சமைக்காதீர்கள். பால் விடுவதற்கு முந்திய கட்டம் வரை கொண்டுபோய் அங்கே நிறுத்துங்கள். நேரமெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் போகிறது: வெங்காயம் உரிப்பது, உள்ளி தட்டுவது, வதக்குவது, தூள் வாசம் போக அவிய விடுவது. பால் விட்டு இறக்குவதற்கு ஏழெட்டு நிமிடம் போதும்.

நான் போடும் அளவு இது. ஒரு கிலோ பெரிய வெங்காயம், 100 கிராம் உள்ளி, ஒரு விரல் நீள இஞ்சி, அரைக் கிலோ தக்காளி, இரண்டு நெட்டு கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. தாச்சியில் எண்ணெய் விட்டு வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கி, மற்றவற்றைப் போட்டு, மஞ்சளும் கறித்தூளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சிறு நெருப்பில் வற்ற விடுங்கள். ஆறியதும் நாலைந்து சின்னப் பெட்டிகளில் பங்கு பிரியுங்கள். பிரிட்ஜில் மூன்று நாள், பிரீசரில் இரண்டு மாதம். திங்கள் அதில் அவித்த முட்டையும் பாலும், செவ்வாய் உருளைக்கிழங்கு, புதன் புளி கரைத்து விட்டு மீன். ஒரே கூட்டுத்தான், ஆனால் மூன்று நாளும் மூன்று ருசி. கூட்டில் தண்ணீர் நின்றால் சீக்கிரம் பழுதாகும், ஆகவே வற்ற வைப்பதில் அவசரப்படாதீர்கள்.

மீனாணம் மறுநாள்தான் ருசி என்று மாமி சொல்றா. நீங்க கறியை வைக்க வேணாம் என்றீங்க. யார் சரி?

மாமி சொல்வது புளியாணம். புளியோ கொறுக்காயோ போட்டு, பால் இல்லாமல், மண்சட்டியில் வற்ற வைத்தது. புளிப்பு அதிகமான இடத்தில் கிருமி மெதுவாகத்தான் பெருகும். மீனுக்குள் உப்பும் புளியும் இறங்க ஓர் இரவு தேவைப்படும். அதனால் அது மறுநாள் ருசிக்கும். பாலாணம் அந்த வகையில்லை.

இன்னொன்றும் உண்டு. மாமியின் காலத்தில் இரவும் காலையும் சட்டியை அடுப்பில் ஏற்றிச் சூடு காட்டுவார்கள். கொதித்தால் கிருமி சாகும் என்பது உண்மை. ஆனால் சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. சூடு காட்டுவது, நேரத்துக்குச் சூடு காட்டியவர்களுக்குத்தான் உதவியது. காலையில் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வந்து சூடு காட்டுவதில் பயனில்லை.

பால் திரையாமல் எப்படி விடுறது?

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். அவற்றைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது தேங்காயில் உள்ள புரதம். 80 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும்போது அந்தப் புரதம் கட்டிபடத் தொடங்கும், பிடி விடும். ஆகவே இரண்டாம் பாலில் காய் அவியட்டும், அது கொதிக்கலாம். முதற்பாலை நெருப்பைக் குறைத்துக் கடைசியில் விட்டு, துழாவிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்குங்கள். தேசிப்புளி இறக்கிய பிறகுதான்.

தேங்காயைத் திருவி வைக்கலாமா?

தாராளமாக. பிரிட்ஜில் இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். சவர்க்கார மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். பிரீசரில்தான் இதன் அருமை. ஞாயிறு நாலைந்து தேங்காய் திருவி, ஒரு தேங்காய்க்கு ஒரு பை என்று தட்டையாகப் பரத்திக் கட்டுங்கள். உருண்டையாகக் கட்டினால் காலையில் கல்லைத்தான் உடைப்பீர்கள். எடுத்த பூவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு நிமிடம் விட்டு, கிரைண்டரில் ஒரு சுற்று, துணியில் பிழிந்தால் பால். புதிதாகத் திருவியதற்கும் இதற்கும் கறியில் வித்தியாசம் தெரியாது. பச்சைச் சம்பலுக்கு மட்டும் அன்றன்று திருவியதுதான்.

திருவுவது யாருடைய வேலை என்றும் சிலர் கேட்கிறார்கள், பாதி பகிடியாக. திருவலையில் இருக்கக் கால் இருந்தால் போதும், அது ஆம்பிளைக் காலாகவும் இருக்கலாம்.

பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவை எவ்வளவு நாள் வைக்கலாம்?

வீட்டில் முன்கூட்டிச் செய்யக்கூடியதில் இதைவிட லாபமானது வேறொன்றுமில்லை, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அரிசி மா: பச்சையரிசியை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் வடித்து, மில்லில் கொடுத்து இடிப்பித்து, ஈரம் காயுமுன் வறுத்துவிடுங்கள். கையில் எடுத்து விட்டால் மணல் போல உதிர வேண்டும். பிறகு அரித்து, முழுவதும் ஆற விடுங்கள். வெதுவெதுப்பாகப் போத்தலில் போட்டால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்பரிசி மாவில் தவிட்டின் எண்ணெய் இருப்பதால் வெள்ளை மாவைவிடச் சீக்கிரம் காறல் மணம் வரும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியில் வையுங்கள், மிச்சம் பிரிட்ஜுக்கு.

கோதுமை மா: துணியில் தளர்வாகக் கட்டி, ஒரு கிலோவுக்கு முக்கால் மணி நேரமளவு ஆவியில் அவியுங்கள். அவிக்காத மாவில் தண்ணீர் பட்டால் ரப்பர் போல இழுபடும். அவித்த மாவில் அந்த இழுவை செத்துவிடும். அதனால்தான் பிட்டு உதிரியாக வருகிறது, இடியப்பம் உரலில் இறுகாமல் இறங்குகிறது. சூட்டோடு அரித்துவிடுங்கள். ஆறினால் கட்டிகள் கல்லாகும், மறுகா உரலில் போட்டு இடிக்க வேண்டியதுதான்.

இரண்டு மாவும் போத்தலில் இருந்தால், இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் எட்டரைக்குப் பிட்டு. பிட்டு மிஞ்சினால் மறுநாள் ஆவியில் ஐந்து நிமிடம் காட்டலாம். அல்லது வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை போட்டுத் தாச்சியில் பிரட்டலாம். பிள்ளைகள் முந்திய பிட்டைவிட இதைத்தான் தேடுவார்கள்.

மீனைக் கூடுதலாக வாங்கி வைக்கலாமா? எப்படி?

வாவி மீனோ கடல் மீனோ, வாங்கிய நேரத்திலிருந்து குளிருக்குப் போகும்வரை எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. சந்தையிலிருந்து நேரே வீடு. இடையில் வங்கிக்கும் தையல்கடைக்கும் போக வேண்டுமென்றால் மீனைக் கடைசியாக வாங்குங்கள்.

செதிலும் குடலும் செவுளும் எடுத்துக் கழுவி, தண்ணீரை நன்றாக வடியவிட்டு, ஒரு நேரக் கறிக்கு ஒரு பை. மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்தால் மணம் குறையும். ஆனால் உப்புக் கூடினால் சதை இறுகும். இறாலுக்குத் தலையைக் கட்டாயம் கழற்றுங்கள். தலைக்குள் இருக்கும் செரிமானச் சாறு சதையைக் கூழாக்கும். கழற்றிய இறாலைப் பெட்டியில் போட்டு மூடத் தண்ணீர் விட்டு உறைய வைத்தால் ஓரம் காயாது. நண்டை மட்டும் வைக்க நினைக்காதீர்கள். உயிரோடு வாங்கி அன்றே சமைப்பதுதான் நண்டு.

சூரை, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்களில் இன்னொரு கவனம். இவை வெயிலில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். கொதித்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. தின்றவுடன் நாக்கு காரமாய்க் கூசும், முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை இடிக்கும். பலர் "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று நினைப்பது பல நேரம் அந்த ஒரு மீன் கெட்டிருந்ததால்தான். ஐஸ் போடாத சூரை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

உறைந்த மீனை முதல் நாள் இரவே பிரீசரிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள், அடியில் ஒரு கோப்பை வைத்து. வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத வீடுகளில் வியாழன் இரவு இறக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இளகிய மீனைத் திரும்ப உறைய வைக்க நேர்வது பெரும்பாலும் அப்படித்தான்.

சம்பல்?

பச்சைத் தேங்காய்ச் சம்பல் அரைநாள்தான். முன்கூட்டி வைக்கக்கூடியது அதன் மற்றப் பாதி: செத்தல் மிளகாயை வறுத்து, மாசியும் உப்பும் சேர்த்து இடித்துப் போத்தலில் வையுங்கள். சாப்பிடும் நேரம் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்தால் சம்பல். தேங்காயையே சிவக்க வறுத்து இடித்த சம்பலென்றால் ஈரமில்லாததால் நாலைந்து நாள் கிடக்கும். சீனிச் சம்பல் இன்னும் கூட. ஈரக் கரண்டி போடாதவர் உள்ள வீட்டில் மட்டும்.

மிஞ்சின சோற்றைக் காலையில சூடாக்கிச் சாப்பிட்டால் என்ன?

சோற்றில் ஒரு வில்லங்கம் உண்டு. பசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியோடு வருகின்றன, அவிந்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பானைக்குள் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். காலையில் சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு சாகாது. இரவு எட்டு மணிச் சோற்றை மூடி அடுப்படியில் வைத்துவிட்டுக் காலையில் பொரிப்பது நல்ல பழக்கமில்லை. மிஞ்சப்போகிறது என்று தெரிந்தவுடன் தட்டில் பரத்தி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்கு அனுப்புங்கள். மறுநாளோடு முடித்துவிடுங்கள்.

தண்ணிச்சோறு வேறு கதை. ஆறிய சோற்றில் மூடத் தண்ணீர் விட்டால் புளிக்க வைக்கும் நல்ல கிருமிகள் முந்திக்கொண்டு வேலை செய்யும். அந்தப் புளிப்பு மற்றவற்றை அடக்கும். காலையிலேயே குடித்துவிட வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், எருமைத் தயிர், சுட்ட கருவாடு. வயலுக்குப் போகிறவர்களுக்கு வெயில் தாங்க இதைவிட என்ன வேணும்? புளிப்பு மணம் சரி. வழுவழுப்போ கெட்ட வாடையோ இருந்தால் கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

மத்தியானம் வரை பழுதாகாத பார்சலுக்கு என்ன கட்டலாம்?

புழுங்கலரிசிச் சோறு, வற்ற வைத்த பருப்பு, பொரித்த மீன் அல்லது கருவாடு, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு துண்டு ஊறுகாய். முருங்கையிலைச் சுண்டல் நல்லதுதான், ஆனால் பச்சைத் தேங்காய்ப்பூ போட்டதென்றால் வீட்டில் சாப்பிடுங்கள். பாலாணம் பார்சலுக்கு வேண்டவே வேண்டாம். சோற்றைச் சற்று ஆறவிட்டுக் கட்டுங்கள். ஆவியோடு கட்டினால் உள்ளே வியர்க்கும்.

வாழையிலையை நெருப்பில் வாட்டினால் கிழியாது, மணமும் சேரும். பொலித்தீன் லஞ்ச் சீட்டை 2017இல் தடை செய்தார்கள். தடை ஒருபுறம் இருக்க, கொதிக்கும் சோற்றைப் பொலித்தீனில் கொட்டுவது எனக்கு அப்போதே பிடித்ததில்லை.

நோன்புக் காலத்தில ஸஹருக்கு எழும்பிச் சமைக்க ஏலாது. என்ன செய்யலாம்?

பின்னேரம் நோன்பு திறக்கச் சமைக்கும்போதே ஸஹருக்கான பங்கைப் பால் விடுமுன் எடுத்து ஆற வைத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். விடியப்புறம் கொதிக்கச் சூடாக்கி, பால் விட்டு இறக்கினால் புதுக் கறி. சோற்றை ரைஸ் குக்கரில் போட ஐந்து நிமிடம். இரவு தராவீஹ் தொழுகை முடியும்வரை அடுப்படியில் கிடந்த கறியை ஸஹருக்கு எடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். கஞ்சிக்கு அரிசி, பயறு, வெந்தயத்தை ளுஹருக்கே, அதாவது மத்தியானத் தொழுகை நேரத்துக்கே, ஊறவைத்தால் அவியும் நேரம் பாதியாகும்.

மாரியில கரண்ட் போனா பிரிட்ஜில இருக்கிறதெல்லாம் என்ன ஆகும்?

கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைப் பிடிக்கும். நிறைந்த பிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். ஆகவே பிரீசரில் இடமிருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து நிரப்புங்கள். பாதிக் கல்லாக இருக்கும் மீனை உடனே சமைக்கலாம். முழுதாக இளகி வெதுவெதுப்பாகிவிட்டால் எறியத்தான் வேணும். பால் விட்ட கறி, திருவிய தேங்காய், அவித்த பருப்பு மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, காஸுக்கும் வரிசை. அப்போது பிரிட்ஜ் நிறைய வைத்திருந்தவர்களைவிட வறுத்த மா, கருவாடு, பயறு, இடித்த சம்பல் வைத்திருந்த வீடுகள்தான் நிம்மதியாக இருந்தன. கார்த்திகை பிறக்குமுன் சிரட்டை, பொச்சுமட்டை, காய்ந்த கொள்ளி கொஞ்சம் நனையாத இடத்தில் அடுக்கி வைப்பது இன்றைக்கும் மடத்தனமில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, வெள்ளம் வந்து பாதை மூடினால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுப்படிக்கு உண்மையில என்ன சாமான் வாங்கலாம்? காசு வீணாகாமல் சொல்லுங்க.

முதலில் நல்ல கத்தியும் சாணைக்கல்லும். வெட்டும் மெசின் என்று கழுவுவதற்கே கால் மணி நேரம் கேட்கும் சாமான்களை வாங்காதீர்கள். கத்தி கூராக இருந்தால் அரைக் கிலோ வெங்காயம் பத்து நிமிடம்கூட இல்லை. அடுத்தது இரண்டு தட்டு உள்ள பெரிய ஸ்டீமர். இடியப்பம், பிட்டு, மா அவித்தல், மிஞ்சியதைச் சூடாக்கல் எல்லாம் அதில்தான். மூன்றாவது கரண்டில் ஓடும் திருவலை, குடும்பம் பெரிதென்றால் மட்டும். நாலு பேருக்குப் பழைய திருவலையே போதும்.

பிரஷர் குக்கர் கடலை, பயறு, மாட்டிறைச்சி சமைக்கும் வீட்டுக்கு அவசியம். அடைத்த ஆவியில் தண்ணீர் 120 பாகை அளவில் கொதிப்பதால் நேரமும் காஸும் மிச்சம். ஆனால் மைசூர்ப் பருப்புக்கு அது தேவையில்லை. அரிக்கன்சட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் திரும்ப வாங்குங்கள்: கடையரிசியில் இன்னும் கல் வருகிறது. மைக்ரோவேவ்? எனக்கு அதன் தேவை தெரியவில்லை, இடம் பிடிக்கிறது.

ரைஸ் குக்கருக்குச் சோறு வெந்தது எப்படித் தெரியும்? எங்கட குக்கர் அடிப்பிடிக்குது.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். அடியில் இருக்கும் காந்தம் அந்தச் சூட்டில் பிடியை விட, சுவிச் மேலே எழும்பும். பாத்திரத்தின் வெளிப்புறமோ தட்டோ ஈரமாக, சோற்றுப் பருக்கை ஒட்டியதாக இருந்தால் சூடு சரியாகப் போகாது, அடிபிடிக்கும். துடைத்து வையுங்கள். சுவிச் எழும்பிய பின் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

புது மண்சட்டி தண்ணி கசியுது.

ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அதில் கஞ்சித்தண்ணி நிறைய விட்டுச் சிறு நெருப்பில் கொதிக்க வைத்து அப்படியே ஆறவிடுங்கள். கஞ்சியின் பசை நுண்துளைகளை அடைக்கும். இரண்டு தரம் செய்தால் சரி. சவர்க்காரம் போடாதீர்கள், சட்டி குடித்துவிட்டு அடுத்த கறியில் திருப்பித் தரும். புளியாணத்தை அலுமினியச் சட்டியில் இரவு முழுக்க வைப்பதைவிட மண்சட்டி எத்தனையோ மேல். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

தயிர் முட்டியில தண்ணி நிக்குது, கெட்டுப்போச்சா?

இல்லை. வடித்துவிட்டோ கலக்கியோ சாப்பிடலாம். மேலே நிறமாகப் பூஞ்சணம் கண்டால்தான் முட்டியோடு எறிய வேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல இரண்டு மடங்கு அளவில் இருப்பதாலும் மண்முட்டி தண்ணீரை உறிஞ்சுவதாலும்தான் அது அப்படி இறுக்கமாக நிற்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில் மாற்றி வைத்தால் அந்த உறிஞ்சல் நடக்காது, தண்ணி கூடும்.

கருவாட்டைப் பிரிட்ஜில வைச்சா எல்லாம் மணக்குது. வெளியில வைச்சா பூஞ்சணம்.

கண்ணாடிப் போத்தலில், திருகு மூடி போட்டு. பிளாஸ்டிக் மணத்தை அடக்காது. கோடையில் நன்றாகக் காய்ந்த கருவாட்டுக்குப் பிரிட்ஜ் தேவையே இல்லை. மாரியில் கடையில் வாங்கியது பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும், ஒரு வெயில் கண்டதும் சுளகில் பரத்தி வலை போட்டு மூடிக் காயவிட்டு மறுகா போத்தலில் அடையுங்கள். வெயிலே இல்லாவிட்டால் அடுப்பு அணைத்த பின் அதன் சூட்டுக்கு மேலே தட்டில் வைத்தாலும் காரியம் ஆகும், பூனை இல்லாத வீடாக இருந்தால்.